பத்து மீட்டருக்குள்

கூட்டிக் குறைத்துச் சொல்வதால் எனக்கு ஒரு ஆதாயமும் இல்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் ஜெகதாப்பட்டினம் போய்ப் பரிமளாவையே கேளுங்கள். அந்த எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துக் காட்டுவாள்.

நடுக்கடலில் டவர் கிடைக்காது. அதனால் அவள் புருஷன் முத்துராஜ், போட்டில் ஏறும் முன்னால் மகள் தேவிப்ரியாவின் புதுப் படங்களைப் புளூடூத்தில் தன் போனுக்கு வாங்கிக்கொண்டுதான் போவான். போன தை மாதம் போட்டு திரும்பியது. அவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளிக்கிழமை. மாலை 7.12. கரண்ட் இல்லை. மகள் டியூஷனில் இருந்தாள். பரிமளாவின் போன் 'ட்டிங்' என்றது.

'படம் அனுப்பப்படுகிறது. 1/14.'

அவள் எதையும் தொடவில்லை. யாருக்குப் போகிறது என்ற இடத்தில் பெயரும் இல்லை. போவதெல்லாம் மகள் படம். பெண்பிள்ளைகள் படத்தைத் திருடி என்னென்ன செய்கிறார்கள் என்று போன வாரம்தான் பள்ளிக்கூட மீட்டிங்கில் சொல்லியிருந்தார்கள். செல்போன் கடை வைத்திருக்கும் கொழுந்தன் அஜித்தைக் கூப்பிட்டாள்.

“புளூடூத்த ஆஃப் பண்ணுங்க அண்ணி.”

“பண்ணிட்டேன். போய்க்கிட்டே இருக்கு.”

“எவர்சில்வர் தூக்குல போட்டு மூடுங்க. சிக்னல் தாண்டாது. திருடுறவன் பத்து மீட்டருக்குள்ளதான் நிக்கணும். கதவப் பூட்டுங்க, வாரேன்.”

பூட்டினாள். ஜன்னல் வழியே பார்த்தாள். சந்தில் ஆளே இல்லை. தெருநாய் மட்டும் அவள் வாசற்படியைப் பார்த்து நின்றது. குரைக்கவில்லை... வாலாட்டிக்கொண்டிருந்தது.

வாசற்படியில் யாரும் இல்லை.

ட்டிங். 13/14...

ட்டிங். 14...

போனைத் தூக்குவாளிக்குள் போட்டாள். மூடியை அழுத்தினாள்.

சத்தம் நின்றது.

நாய் ஊளையிட்டது.

பதினோரு நாள் கழித்து, மீமிசல் போட்டு ஒன்றின் வலையில் மீனோடு ஒரு போன் வந்தது. முத்துராஜின் போன்தான், உப்பேறிச் செத்துப்போயிருந்தது. அஜித் அதன் மெமரி கார்டை மட்டும் கழற்றி, உலர்த்தி, கடையில் திறந்து பார்த்தான். பரிமளாவும் பக்கத்தில் நின்றாள்.

கடைசியாக வந்து சேர்ந்தவை பதினான்கு படங்கள். ஜூன் 20, மாலை 7.12 முதல். தேவிப்ரியா ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று எடுத்தவை. அப்பன் கடலில் போய் ஐந்து மாதம் ஆன பிறகு.

“இது எப்புடி அண்ணி...” என்றான் அஜித்.

பதின்மூன்று படங்கள் முழுதாக இருந்தன. பதினான்காவது பாதிதான். நெற்றி, கண்கள்... அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அந்த ஒரு படத்தில்தான் தேவிப்ரியா சிரித்திருந்தாள்.