டர்பனுக்குப் போக முடியாத ஹபீபுன்னிசா

எண்பத்து நாலில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துபாய், மஸ்கட் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் மனு நிரப்பித் தருவதுதான் முக்கால்வாசி வேலை. ஒருநாள் கோரைப்பாய்க் கடை அமீர் ஜானின் மனைவி ஹபீபுன்னிசா வந்தார்.

"எந்த நாட்டுக்குக்கா?"

"டர்பன். எங்க அக்கா ஹுசைன் பீ இருக்குது. நாப்பத்தொம்பதுல கட்டிக்கினு போனது. உடம்பு முடியலயாம், ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

பேனாவை மூடிவிட்டேன். "டர்பன் தென்னாப்பிரிக்காவுல இருக்குதுக்கா. அங்க மட்டும் போகக்கூடாதுன்னு நம்ம பாஸ்போர்ட்லயே போட்டிருப்பாங்க."

"நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. கறுப்பு ஜனங்களயும் நம்மாளுங்களயும் அங்க வெள்ளக்காரன் ஒதுக்கி வெச்சிருக்கான். அதனால அந்த சர்க்காரோட டெல்லிக்கு எந்த ஒட்டும் இல்ல, யாவாரமும் இல்ல."

"சண்ட சர்க்காருக்கும் சர்க்காருக்கும். எங்க அக்காவ பாக்க வாணாம்னு சொல்ல இவங்க யாரு?"

அவர் சொல்லச் சொல்ல, டெல்லியைத் திட்டி அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வந்த பதிலையும் நான்தான் படித்தேன். 'எங்கள் தெரு இனி வெள்ளைக்காரர்களுக்கு என்று சொல்லி, இருபது வருஷம் இருந்த வீட்டைக் காலி பண்ணவைத்தார்கள். சட்டி பானையோடு வெளியே வந்தோம். அப்போது அங்கே எங்களுக்காகக் கேட்க ஆள் இல்லை. உங்கள் டெல்லி கேட்கிறது, திட்டாதே. உடம்பு தேறியதும் அடுத்த வருஷம் ஹஜ்ஜுக்கு வருகிறேன். நீயும் வா.'

ஹபீபுன்னிசா கடிதத்தை வாங்கி மடித்தார். பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மறு வருஷம் கணவரோடு ஹஜ்ஜுக்குப் பம்பாயில் கப்பல் ஏறினார். திரும்பி வந்ததும் பேரீச்சம்பழத்தோடு என்னைத் தேடி வந்தார்.

"எனுக்கு அக்காவ அடையாளமே தெர்ல தம்பி. குனிஞ்சி நடந்து வர்ற ஒரு கெழவி, 'முன்னி'ன்னு கூப்புடுது. சின்ன வயசுல வூட்ல என்ன கூப்புட்ட பேரு அது. அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட அக்கா ஒண்ணுதான் மிச்சம். முப்பத்தாறு வருசம் கழிச்சி பாக்கறோம், மொதல்ல இன்னா கேட்டுச்சி தெரியுமா? நம்ம தெரு கெணத்துத் தண்ணி இன்னும் உப்பா இருக்குதான்னு!" சிரித்துக்கொண்டே முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்.

அதன்பிறகு சாயங்காலங்களில் மார்க்கெட்டிலிருந்து கீரைக்கட்டோடு வந்து நிற்பார். "டர்பன் சேதி இன்னா போட்டிருக்குது?" நான் பேப்பரை விரிப்பேன். எந்தெந்த நாடு அந்த சர்க்காரோடு உறவை வெட்டியது, டெல்லி என்ன பேசியது என்று ஒரு வரி விடாமல் கேட்பார்.

எண்பத்தெட்டில் அக்கா இறந்துபோனதாகத் தந்தி வந்தது. இனி வரமாட்டார் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பேப்பரப் படி தம்பி," என்றார். "எங்க அக்காவ வீட்ட வுட்டுத் தொரத்துனவங்க இன்னும் அங்கதான இருக்கறாங்க?"