மகளைப் புரிந்துகொள்ள நாலாவது புத்தகம்

பதினாறு வயது மகள் என்னோடு பேசி இருபது நாளாகிறது. அவள் டைரியை ரகசியமாகப் படித்து மாட்டிக்கொண்டேன்.

இன்று மந்தைவெளி பழைய புத்தகக் கடையில், வளரும் பிள்ளைகளின் மனசு பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்தேன். கடைக்காரருக்கு என் கதை தெரியும்.

"இன்னாம்மா, இதோட நாலு புக்கு ஆச்சு. பொண்ணாண்ட ஒரு வாட்டி சாரி கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். புத்தகத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

"நான் பண்ணது தப்புடி. மன்னிச்சுடும்மா."

உள்ளே பாட்டுச் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு மணி நேரமாகிவிட்டது. இப்படியே இருக்கட்டுமா, எழுந்து போய்விடட்டுமா? பிள்ளை வளர்த்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், கால் மரத்துவிட்டது.