இன்னும் குளிக்கல

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள். ஆறாவது, என் மூத்த மகளின் மகள். தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, பால்குடி மறக்கடித்த கையோடு இவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். ஆறு பேரையும் தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுமந்துதான் ஆளாக்கினேன். எவரிடமும் போய் நின்றதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது கொஞ்ச காலம். எழுத்து கோணலாகத்தான் வரும், வரட்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வாயால் பேச வேண்டியதை எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். எழுத மட்டும் ஒருவரும் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

பேத்திக்கு பதுளையில் தையல் கம்பெனியில் வேலை. அங்கேயே தங்கியிருந்து லீவுக்கு வருவாள். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்ல மாதிரியாகத் தெரிந்தான். அவளுக்கும் பிடித்திருந்தது. தட்டு மாற்றி, தேநீர் குடித்து, எழுந்து போகிற நேரத்தில் பையனின் தாய் திரும்பி நின்றாள்.

"பொண்ணு லட்சணம்தான் சம்மந்தி. கொஞ்சம் பூசுன ஒடம்பு. கூறச்சேல கட்டுனா கோயில் தூணு கணக்கா நிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பேத்தியும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் சீனி இல்லாமல் தேத்தண்ணி குடித்தாள். ரொட்டி சுட்டு வைத்தால், "கம்பெனியில தின்னுட்டேன் அம்மாயி" என்பாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. கன்னம் ஒட்டிப் போனது. கல்யாணக் களை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். களையாம்!

லயத்துக் காம்பராவில் எதையும் மறைக்க இடமில்லை. பெட்டிக்குப் பின்னால் அவள் வாங்கி வைத்த பஞ்சுப் பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது. அடுத்த லீவுக்கு வந்தபோதும் அப்படியே கிடந்தது.

"ஏன்டி அதப் பிரிக்கல?"

"பீரியட்ஸ் தள்ளிப் போகுது அம்மாயி. வரும்."

"நீ நெனக்கிற மாதிரி இல்ல" என்றும் சொன்னாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. வளர்த்தவளுக்குத் தெரியாதா?

மழைக்காலம். லயத்துக்கெல்லாம் பொதுவான பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீர் கையை வெட்டுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் காலையில் பேத்தி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பீலிக்கரையில் நின்றிருக்கிறாள். கடைசி வீட்டுக்காரி குடத்தோடு வந்து மெதுவாகக் கேட்டிருக்கிறாள்.

"என்னாடியம்மா, குளிச்சிட்டியா?"

"இன்னும் குளிக்கல பெரியம்மா. கொஞ்ச நாளாவே ஒடம்பு ஒரு மாதிரி இருக்கு. குளிக்கவே முடியல."

எங்கள் பக்கத்துப் பெண்கள் தீட்டு என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. குளித்துவிட்டாயா என்றால், இந்த மாதம் வந்துவிட்டதா என்று கேள்வி. குளிக்கவில்லை என்றால், வயிற்றில் இருக்கிறது என்று பதில். பேத்திக்கு அது பீரியட்ஸ். அவளுக்குக் குளிப்பது என்றால் சவுக்காரம் போட்டுக் குளிப்பதுதான். குளிர் தாங்காததைச் சொன்னாள். கேட்டவள் தன் குடம் நிரம்பும் முன்னே வேறொன்றை நிரப்பிக்கொண்டாள். அந்தப் பேச்சு தெமோதரைக்கு எந்த பஸ் ஏறிப் போனதோ தெரியாது. பையனின் தாய் வந்து நின்றாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டி ஒரு துண்டு எழுதி வாங்கிட்டு வாங்க சம்மந்தி. ஒண்ணும் இல்லேன்னு எழுதியிருந்தா நாள் பாப்போம்."

"எழுதலேன்னா?"

"அத நான் எதுக்கு வாயால சொல்லணும்?"

துண்டுக்காக இல்லை, பிள்ளை எலும்பாய்ப் போனதற்காக அவளை டவுனுக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். தமிழ் பேசுகிறவர். முதலில் மூத்திரம் எடுத்துப் பார்த்தார். பிள்ளை இல்லை. இரத்தமும் எடுத்தார். பிறகு, "என்ன சாப்பிட்டீங்க மகள், நேத்து?" என்று கேட்டார். பேத்தி கீழே பார்த்தாள். ஒரு வாழைப்பழம் என்றாள். முந்தாநாளும் அப்படித்தானாம்.

"நாள் தள்ளிப் போனா உடனே புள்ளன்னு நெனக்கிறாங்க" என்றார் டாக்டரம்மா. "புள்ளயான்னு மொதல்ல பாக்கணும்தான். பார்த்தாச்சு, இல்ல. தைராய்டு கோளாறுன்னா தள்ளிப் போகும். சூலகத்துல நீர்க்கட்டி இருந்தா தள்ளும். மனசுல பெரிய யோசனை, ராத்திரி வேல, சில மாத்திரைங்க, எல்லாத்துக்கும் தள்ளும். சாப்பாட்ட நிப்பாட்டி மளமளன்னு மெலிஞ்சாலும் ஒடம்பு அத நிப்பாட்டிரும். தன்னையே காப்பாத்த முடியாத ஒடம்பு இன்னொரு உசுர எப்படி சுமக்கும்? இவங்களுக்கு அதுதான். எண்டாலும் ரத்த ரிப்போட்டையும் பார்ப்போம்."

இது நான் அறிந்த சங்கதி. கல்யாணமான புதிதில் தோட்டத்தில் பஞ்சம் வந்தது. கீரையும் கிழங்குமே சாப்பாடு. எனக்கு மாதக் குளியல் நின்றுவிட்டது. மாமியார் பேரன் என்று நம்பி, தன் பங்கு ரொட்டியையும் என் தட்டில் வைத்தார். வயிறு ஒட்டியே கிடக்கக் கண்டதும், ஏமாற்றுக்காரி என்று ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் எங்கள் லயத்தில் பாதிப் பெண்களுக்கு வரவில்லை. ஏன் என்று சொல்ல எங்களுக்கு ஆளில்லை. எனக்கு அரிசி கிடைக்காமல் நின்றது. இவளுக்குப் பானை நிறைய அரிசி இருந்தும் நின்றது. ஒருத்தி தூண் என்றாள், இவள் நூலாகிவிட்டாள். பட்டினி கிடக்க வைத்தவளே வந்து துண்டும் கேட்கிறாள்.

வருகிற வழியில் பஸ்ஸில் பையன் போனில் பேசினான். டாக்டரம்மா எழுதித் தந்த துண்டு வரைக்கும் பேத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சொன்னது எனக்கே கேட்டது.

"சரி, அப்ப துண்ட குடுத்துர வேண்டியதுதானே? அம்மா கேட்டதுல என்ன தப்பு?"

பேத்தி போனை மடியில் வைத்தாள். பஸ் ஸ்பிரிங்வெளி ஏற்றத்தை ஏறி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாயி, குடுக்க வேணாம்."

"துண்டயா?"

"என்னய."

அந்தச் சொல்லை நான் அப்படியே தெமோதரைக்குச் சொல்லி அனுப்பினேன். துண்டும் கிடையாது, பெண்ணும் கிடையாது.

இரத்த ரிப்போட்டில் வேறு கோளாறு ஒன்றும் இல்லை. லீவு போட்டு வீட்டில் இருந்தாள். சோறு, பருப்பு, முட்டை என்று முன்னால் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். கொஞ்சக் காலத்தில் அவளுக்கு வந்தது. பாக்கெட்டைப் பிரித்ததைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். எல்லாரும் இருக்கிற நேரம்.

"என் பேத்தி குளிச்சிட்டா" என்றேன், சத்தமாக.

கடைசி வீட்டுக்காரி குடத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "குளிக்காம? டவுனுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே அக்கா. செலவாச்சோ?"

பீலிக்கரையே சிரித்தது. வராதபோது வயிற்றில் இருக்கிறது என்றார்கள். வந்தபோது கலைத்துவிட்டோம் என்கிறார்கள். டாக்டர் துண்டு இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் அங்கே விரித்துக் காட்ட நான் யாருக்கும் கடன்படவில்லை. அந்தப் பீலியில் இப்போது நான் தண்ணீர் எடுப்பதில்லை. கால் வலித்தாலும் கீழ் லயத்துக்குப் போய் எடுத்து வருகிறேன்.

எழுதியது போதும், விரல் மடங்கவில்லை. ஏய் பிள்ளை, இங்கே வா. நான் எழுதினது சரியாக விழுந்திருக்கிறதா என்று வாசித்துக் காட்டு. மெதுவாக வேண்டாம், வாசலில் நின்று பீலிக்குக் கேட்கிற மாதிரி வாசி. முதலில் அந்தத் தட்டில் இருக்கிற சோற்றைத் தின்று முடி.