இரண்டாயிரம் ரூபாய் வந்த வழி

திருவேற்காடு கோயில் வாசலில் பூ விற்கும் நாகம்மாளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அர்ச்சனைத் தட்டில் போடக் கையில் காசில்லாமல் வருகிறவர்கள் அவளுடைய க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் அனுப்புவார்கள். அவள் அதை நோட்டாகக் கொடுப்பாள். கமிஷன் கிடையாது. "ஆத்தா கிட்ட வெறுங்கையோட போவக் கூடாது" என்பாள். வாசலில் எல்லாப் பூக்காரிகளும் செய்ததுதான்.

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, கோயம்பேடு பூச்சந்தையில் வியாபாரிக்கு அவள் அனுப்பிய பணம் போகவில்லை. மூன்று முறை முயன்றாள். ஞாயிறு வியாபாரத்துக்குப் பூ எடுக்க நாற்பத்தோராயிரம் வங்கியில் சேர்த்து வைத்திருந்தாள். புருஷன் செத்துப் பதினாறு வருடம். ஆடி ஞாயிறுகளில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மற்ற மாதங்களின் வாடகையைச் சமாளிப்பாள். வியாபாரி கட்டிய சாமந்தி மூட்டையைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டார்.

கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கும் நான் அவளிடம் தினமும் பூ வாங்குகிறவன். வங்கிக்கு என்னைத் துணைக்கு அழைத்துப் போனாள்.

"உங்க அக்கவுண்டுக்குத் திருட்டுப் பணம் ரெண்டாயிரம் வந்திருக்கும்மா. அதான் முடக்கியிருக்காங்க" என்றார் மேலாளர்.

நாகம்மாளுக்கு உடனே நினைவு வந்தது. இரண்டு வாரம் முன்பு, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பையன் அபிஷேகத்துக்கு என்று சொல்லி, போனில் அனுப்பிவிட்டு இரண்டாயிரம் நோட்டாக வாங்கிப் போனான். பக்தியைப் பார்த்து ஒரு முழம் மல்லியைச் சும்மாவே கொடுத்திருந்தாள்.

"ரெண்டாயிரத்த எடுத்துக்கினு மிச்சத்த உடு சார். நாப்பத்தோராயிரத்தயும் இன்னாத்துக்குப் புடிச்சுகினு கீறீங்க?"

"எங்க கையில இல்லம்மா. புகார் பதிவான ஊர்ல கேக்கணும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். திருடனைப் பிடிக்க வக்கில்லை, பூக்காரியைப் பிடித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் போன் அடித்தோம். வெளியூர் சைபர் போலீசில் யாரும் எடுக்கவில்லை. அதற்குள் செய்தி வாசல் முழுக்கப் பரவி, மற்றக் கடைக்காரிகள் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். நோட்டு கேட்டு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக்கூட விரட்டினார்கள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு காவலர் எடுத்தார். பணத்தைப் பறிகொடுத்தவர் கமலம், ஓய்வுபெற்ற சத்துணவு ஆயா. போலீஸ் என்று சொல்லி வீடியோ போனில் மூன்று நாள் மிரட்டியே அவருடைய சேமிப்பு மூன்று லட்சத்தையும் பிடுங்கியிருக்கிறார்கள். அதில் தடம் தெரிந்தது இந்த இரண்டாயிரம் மட்டும்தான். கமலம் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் முடக்கம் சீக்கிரம் நீங்கும் என்று அவருடைய போன் எண்ணையும் கொடுத்தார்.

மாலைக்குள் பணம் கட்டினால்தான் பூ என்று வியாபாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நாலு வார்த்த நல்லா கேக்கறேன் பாரு. யாரோ திருடுனதுக்கு எம் மேல கம்ப்ளைண்டா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் நாகம்மாள் போன் போட்டாள்.

அந்தப் பக்கம் எடுத்ததும், "போலீசுங்களா?" என்று ஒரு குரல் பயந்து பயந்து கேட்டது. நாகம்மாளின் வாயிலிருந்து ஏச வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை.

"இல்லம்மா. ஒங்க காசு ரெண்டாயிரம் என் கணக்குல கீது. அத நீயே எடுத்துக்க. மிச்சத்த உடச் சொல்லி ஒரு வார்த்த எழுதிக் குடும்மா. நாளைக்கு ஞாயித்துக்கெழம."

கமலம் கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"எழுதித் தர்றேங்க. மீதி ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்தெட்டாயிரத்த எப்பங்க குடுப்பீங்க?"

நாகம்மாளின் முகம் வெளிறிப் போனது. தான் திருடி இல்லை என்று அவள் சொல்லவே இல்லை. அந்தப் பக்கம் விசும்பல் கேட்க ஆரம்பித்ததும், "அழுவாதம்மா, அழுவாத" என்று தானும் அழுதாள். மாலைக்குள் கணக்கு திறக்கவில்லை; மறுநாள், ஆடி ஞாயிறன்று, அவள் கடை போடவில்லை.