ஸ்விட்ச் போட்டே கிடக்கட்டும்

ஒரு பெண்ணின் வலது கை கெட்டுப்போனதற்குக் காரணம் நான். அது அவளுடைய கவனக்குறைவால் வந்தது என்று என் மனைவியையும் ஊரையும், கடைசியில் அவளையுமே நம்பவைத்ததும் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மழையைப் பற்றி ஒரு பக்கம், ரப்பர் மரங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவேன். பதினாறு வருடங்கள் அப்படித்தான் போயின.

பாறசாலைக்கு அருகே, கேரளம் முடிகிற இடத்தில் என் வீடு இருக்கிறது. உண்மையாகவே முடிகிற இடம். கிழக்கு மதிலுக்கு இந்தப் பக்கம் கேரளத்து மின்சாரம், அந்தப் பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டு மின்சாரம். இரண்டும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். அதனால் எங்கள் எல்லையோர வீடுகளில் ஒரு பழக்கம் இருந்தது. இங்கே மின்சாரம் போனால் மதிலுக்கு மேலே ஒரு வயரைப் போட்டு அங்கிருந்து எடுப்போம். அங்கே போனால் இங்கிருந்து கொடுப்போம். சட்டத்துக்கு விரோதம், உயிருக்கும் ஆபத்து. ஆனாலும் பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பது போலத்தான் கேட்டுக்கொள்வோம்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்சுற்று வரைந்து காட்டிய அதே கையால், இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரைச் செய்து மதிலோரப் பலாமரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். ஒரு முனையை அடுத்த வீட்டு வெளிச்சுவரில் இருந்த பிளக் பாயிண்டிலும் மறுமுனையை என் வராந்தாவிலும் செருகினால் வீடு முழுவதும் மின்சாரம் ஓடும். அந்த வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தாலும் நான் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்களுக்குள் பேச்சு. யாரும் செய்யக் கூடாத வேலை இது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

அது ஓணத்துக்கு முந்தைய வாரம். கம்பியில் சாய்ந்த கிளைகளை வெட்டுவதற்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்று அறிவித்திருந்தார்கள். மின்விசிறி துடைக்க ஏற்ற நாள் என்று என் மனைவி, நான் முதலில் சொன்ன அந்தப் பெண்ணை வரச்சொன்னாள். பண்டிகைக்கு முன்பு நாலைந்து வீடுகளில் அவள்தான் சுத்தம் செய்து கொடுப்பாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஞாயிறு காலை ஆலயம் தவிர, மற்ற எல்லா நேரமும் யாராவது ஒருவர் வீட்டில் அவளுக்கு வேலை இருக்கும்.

எங்கள் வீட்டு மின்விசிறித் தூசி மற்ற இடத்துத் தூசி மாதிரி உதிராது. பக்கத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கூடம் இருந்தது. அந்தப் புகையும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து இறக்கைகளில் மெழுகு போல் ஒட்டியிருக்கும். அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, இரண்டு கையாலும் அழுத்தி மெல்ல இழுப்பாள். அழுக்கு உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் ஒரு துளி சிந்தாது. பிறகு நன்றாகப் பிழிந்த சோப்புத் துணி. நடுவிலுள்ள மோட்டாருக்கு ஈரத்தைக் கொண்டுபோகவே மாட்டாள். இறக்கை வளைந்துவிடாமல் ஒரு கையால் அடியில் தாங்கிக்கொள்வாள்.

முக்காலியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனவள் வாசலில் நின்று கேட்டாள்.

"சாரே, ஸ்விட்ச் ஆப் பண்ணிட்டு ஏறட்டா?"

"வேண்டாம், போட்டே கிடக்கட்டும்," என்றேன். "கறண்டு வந்தா அறியாண்டாமா?"

இதுவும் எங்கள் பக்கத்துப் பழக்கம். மின்சாரம் போனால் ஒரு மின்விசிறியின் சுவிட்சைப் போட்டே வைத்திருப்போம். அது சுற்றினால் மின்சாரம் வந்துவிட்டது என்று பொருள்.

"இடையில வந்துதுண்ணா நானும் பேனுகூட சுத்தணுமே சாரே."

"அஞ்சு மணி வரெ வராது. தைரியமா ஏறு."

"சுத்தினாலும் நல்லதாக்கும். அப்பிடியே பறந்து திருவனந்தபுரத்தில எறங்கிருவேன், பஸ்ஸுக்கு நிக்காண்டாம்," என்றாள். அடுக்களையிலிருந்து என் மனைவி சிரித்தது கேட்டது.

மதியத்துக்குப் பிறகு தொலைக்காட்சியில் கிரிக்கெட் இருந்தது. எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. காரணம் இவ்வளவுதான். யாருக்கோ அவசரம், நோயாளிக்குக் காற்று வேண்டும் என்று ஏதாவது இருந்திருந்தால் இதை எழுதுவது சற்று எளிதாக இருந்திருக்கும்.

அவள் படுக்கையறையை முடித்துவிட்டுப் பின்பக்கம் துணி அலசப் போயிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவே இல்லை. பலாமரத்திலிருந்து வயரை எடுத்து அடுத்த வீட்டுச் சுவரில் செருகினேன். திரும்பி வந்து முதலில் என் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். அணைக்காவிட்டால் இந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், அங்கே கம்பத்தில் இருப்பவர்களைத் தாக்கும். முகம் தெரியாத அந்த லைன்மேன்களை நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்குள் முக்காலி மேல் நின்றவளை நினைக்கவில்லை. பிறகு வராந்தாவில் பிளக்கைச் செருகினேன்.

முதலில் ஒரு சத்தம், துணி கிழிவது போல. பிறகு "எனக்க ஏசுவே" என்றாள். பிறகு முக்காலி விழுந்தது.

உறைக்குள் கை இருந்தபோதே மின்விசிறி சுழலத் தொடங்கிவிட்டது. துணி அவள் மணிக்கட்டைச் சுற்றி இழுத்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் வலது கை அடிபட விழுந்தாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. சத்தம் கேட்டதும் நான் உள்ளே ஓடவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். வயரைச் சுருட்டி மதிலுக்கு அப்பால் எறிந்தேன். மெயின் சுவிட்சை மறுபடி போட்டேன். அதன் பிறகுதான் உள்ளே போனேன். அரை நிமிடம் ஆகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கியது சரி. மீதி எல்லாம் எனக்காகச் செய்தது.

என் மனைவி அதற்குள் அவளைத் தூக்கி உட்காரவைத்திருந்தாள்.

"கறண்டு வந்துதா?" என்று என்னைக் கேட்டாள்.

"வந்துட்டு உடனே போச்சு," என்றேன். யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னேன். "ஸ்விட்ச் ஆப் பண்ணிட்டு ஏறுண்ணு பறஞ்சேன். கேக்கல்ல."

அவள் தரையில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வலியில் முகம் வெளுத்திருந்தது. ஏதோ கேட்க வந்தவள் போலிருந்தது. "என் தப்பாக்கும் சேச்சி," என்று என் மனைவியிடம் சொன்னாள்.

ஆட்டோ பிடித்துக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு சேர்ந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் பிறகு மடங்கவே இல்லை. என் மனைவி மனதில் கள்ளமில்லாமல், ஆனால் விடாமல், எல்லா வீட்டிலும் சொன்னாள்: சார் சொல்லியும் அவள் கேட்கவில்லை. கவனமில்லாதவளை ஏணி ஏற்ற முடியுமா என்று ஒவ்வொரு வீடாக அவளை நிறுத்தினார்கள். மனைவியிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருடங்கள் இருந்தன. மனைவி போய்ச் சேர்ந்தாள். நான் சொல்லவில்லை.

இனி என் தனிமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். இருவரும் போன் செய்கிறார்கள். மதிலுக்கு அப்பால் இருந்தவரும் இறந்துவிட்டார், அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு நாளில் என்னை நேரில் அழைக்கிற குரல் ஒன்றே ஒன்று இருந்தது. அது அவளுடையது. வீட்டுவேலை போன பிறகு அவள் தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரிக் கேன்டீனில் இடது கையால் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது என் கேட்டருகே ஒரு கணம் நிற்பாள். "சாரே, எழும்பியாச்சா?" நான் "ஆங், உண்டு" என்று குரல் கொடுத்தால் போய்விடுவாள். குரல் வராவிட்டால் உள்ளே வந்து பார்ப்பாள். என் மனைவி போன மறுநாளிலிருந்து நாலு வருடம், ஒரு வேலைநாள் தவறாமல் இது நடந்தது. அவள் குரலுக்காகக் காலை ஏழரைக்கே நான் நாற்காலியை ஜன்னலருகே போட்டுக்கொள்வேன்.

போன வருடம் ஒரு காலையில் அவள் ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இது பேனா, வௌவாலா சாரே? தலகீழா தொங்குது. இதுக்க காத்த குடிச்சா நெஞ்சுல அடைக்காதா?"

"யாரு ஏறித் தொடைக்க? எனக்கு எழுபத்தாறு ஆச்சு."

"எனக்க மருமவளெ ஞாயிற்றுக்கெழமெ அனுப்புதேன்." கேட் வரை போனவள் திரும்பி வந்தாள். கெட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "ஆனா ஸ்விட்ச் ஆப் பண்ணிப் போடணும், கேட்டியளா? நீங்களே நிண்ணு பாத்துக்கணும். எனக்க புத்திகெட்டத்தனம் அவளுக்கும் வரண்டாம்."

பஸ் ஸ்டாப்பில், கேன்டீனில், ஆலயத்தில் என்று எல்லா இடத்திலும் இதை அவள் சொல்வது எனக்குத் தெரியும். மின்விசிறி துடைக்கப் போகும் எந்தப் பெண்ணையும் இந்தக் கையைக் காட்டாமல் விடமாட்டாள். மற்ற நாட்களில் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்று முடியவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிரிக்கெட்டையும் சொன்னேன். அந்த அரை நிமிடத்தையும் சொன்னேன்.

அவளுடைய பஸ் வந்து, நின்று, போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பம், போட்டே கிடக்கட்டும்ணு நீங்க பறஞ்சது நெசமா?"

"நெசம்."

"எனக்கு ஓர்மை இருந்துது," என்றாள். "நல்லா ஓர்மை இருந்துது சாரே. ஆனா நீங்க பொய் பறய மாட்டியளே. படிப்பிச்ச சாரில்லியா? அதுனால எனக்க ஓர்மைதான் பொய்யிண்ணு வச்சுக்கிட்டேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இத எங்கிட்ட பறஞ்சு என்னத்துக்கு? எனக்க வீட்டுல வந்து அவருக்கிட்ட பறயும்."

'நீங்க' என்கிற மரியாதையைக் குறைத்து என்னிடம் அவள் "பறயும்" என்று சொன்னது அதுதான் முதல் முறை.

அன்று மாலையே செங்கல் என்ற ஊர்ப்பக்கம் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். கணவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"சாரே, நான் இவளெ ஏசாத ஏச்சில்ல," என்றார். "கஞ்சி சிந்தினா ஏச்சு, கதவு அடைக்க மறந்தா ஏச்சு. 'கவனம் கெட்டவளே, பேன் ஒடிச்ச கையே' எண்ணுதான் கூப்பிடுவேன். பேரு சொல்லிக் கூப்பிட்டு எத்தற காலம் ஆச்சு! அதெ இனி ஆரு திருப்பி எடுக்கியது? நீங்களா, நானா?"

"எட்டீ," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். பிறகு நிறுத்தி, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டார். அவள் வெளியே வரவில்லை. எங்கள் பக்கத்தில் எவ்வளவு பகை இருந்தாலும் வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு கட்டன்காப்பியாவது வரும். எனக்கு வரவில்லை. அது சரிதான் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அவளை நிறுத்திய வீடுகளில் இரண்டுதான் மிச்சம். இரண்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் யார் அவள் என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டு அம்மா, "இதுக்காகவா சாரே இந்த வெயில்ல வந்தியோ?" என்று மோர் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் போனில் சொன்னேன். மகள் அழுதாள். மகன், "அப்பா, பழசு, விடுங்க," என்றான்.

அவள் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலையும் ஏழரைக்கு நாற்காலியில் இருந்தேன். அவள் செருப்புச் சத்தம் கேட்டது. கேட்டருகே வேகம் குறையவில்லை. அந்த வாரமும் அடுத்த மாதமும் அப்படியே போயின. மருமகள் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவள் இப்போது அந்தக் கதையைச் சொல்வதில்லை என்று அங்குள்ள கடைக்காரர் சொன்னார். யாராவது கையைப் பற்றிக் கேட்டால், "ஒருத்தர் சதிச்சதாக்கும்," என்று நிறுத்திக்கொள்கிறாளாம். என் பெயரைச் சொல்வதில்லையாம்.

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்குக் காலை ஏழரை மணிதான் கனத்தது. நான் எழுந்திருக்காமல் போனால் இனி எத்தனையாவது நாளில் தெரியவரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

இந்த ஓணத்துக்கு முன்பு மின்விசிறியை நானே துடைப்பதென்று முடிவு செய்தேன். இரண்டு நாள் ஆனது. கட்டிலை நகர்த்த ஒரு நாள். மறுநாள் காலையில் சுவிட்சை அணைத்தேன். மெயினையும் அணைத்தேன். பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆடாத கனமான மேசையை அடியில் போட்டு அதன் மேல் நின்றேன். அவள் செய்தபடியே தலையணை உறையை முதல் இறக்கையில் மாட்டினேன். தூசி மெழுகாகத்தான் இருந்தது, வரவில்லை. இரண்டாவது இறக்கையில் இருந்தபோது ரோட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கேட்டருகே நின்றது.

"பியூஸ் ஊரியாச்சா?"

திரும்பினால் விழுந்துவிடுவேன் என்று திரும்பாமலே சொன்னேன். "ஆங். பையில உண்டு."

"காட்டும்."

மேசையிலிருந்து மெதுவாக இறங்கி, ஜன்னலுக்குப் போய், பியூஸ் கட்டையைக் கம்பிகளுக்கு வெளியே நீட்டிக் காட்டினேன். அவள் கேட்டுக்கு வெளியே நின்றபடியே அதைப் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்குப் போனாள்.

மீதி இறக்கையையும் துடைத்தேன். மறுநாள் ஏழரைக்கு நாற்காலியில் இருந்தேன். செருப்புச் சத்தம் வந்தது, நிற்காமல் போனது.