சங்கிலியில் கூப்பிட்ட பேர்

எனக்கு உயரம் என்றால் ஆகாது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நடக்கும்போதுகூட நடுவழியை விட்டு ஓரத்துக்கு வரமாட்டேன். பின்னால் வரும் மாட்டுவண்டிக்காரன் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்று நடப்பேன். கீழே மகாவலி ஓடுகிற சத்தம் கேட்டாலே உள்ளங்கால் கூசும். இப்படிப்பட்ட நான்தான் சிவனொளிபாதமலைக்கு ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அதுவும் தனியாக இல்லை, என் வீட்டுக்காரரையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். வேண்டும்போது வாய்தான் வேண்டுகிறது. கால்களை யார் கேட்கிறார்கள்?

அது காய்ச்சல் வருஷம். மழை பொய்த்து, ஆறு வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கி, குட்டைகளில் கொசு பெருத்து, கலகெதரப் பக்கம் வீட்டுக்கு வீடு ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். அவர் அந்த ஊரில் ஒரு கொப்பரைக் கடையில் நிறுவைக்கு நின்றார். வாரக் கடைசியில் பஸ்ஸில் மஹய்யாவவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு சனிக்கிழமை பஸ்காரர் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டுப் போனார். அலுமாரியில் இருந்த துணி அத்தனையையும் எடுத்து மேலே போட்டேன். அப்படியும் அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. கட்டிலும் சேர்ந்து ஆடியது.

இலவசமாகக் கொய்னா மருந்து கொடுக்கிற இடத்தில் வரிசையில் நின்றேன். எழுதுகிறவர் நோயாளியின் பேரைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். காய்ச்சலில் கிடக்கிற மனுஷனின் ஆயுசில் கைவைப்பேனா? முருகன் பேரில் ஒன்று என்று மட்டும் சொன்னேன். எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முருகனின் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். சரியான பேர் வந்ததும் தலையை ஆட்டினேன். பின்னால் நின்ற ஒரு முஸ்லிம் பெண், முருகனுக்குப் பேர் குறைவாக இருந்திருந்தால் நாங்கள் எப்போதோ வீடு போயிருப்போம் என்றாள். வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்து குடித்தும் காய்ச்சல் ஏறிய ஒரு நாள், அவருக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. அன்றைக்குத்தான் வேண்டினேன். "இவர எனக்குக் குடுத்துரு. ரெண்டு பேருமா ஒன் பாதத்துக்கு வந்து கும்புடுறோம்" என்று சிவனிடம் சொன்னேன். மறுநாள் வேர்த்துக் கொட்டி, கஞ்சி கேட்டார்.

எழுந்து உட்கார்ந்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். பாலத்தில் நடக்கமாட்டாதவள் மலை ஏறப்போகிறாளாம் என்று என்னைக் கேலி செய்தார். ஆனால் புறப்படுகிற பேச்சை எடுத்தால் ஏதாவது ஒரு தடை சொல்வார். ஒரு மாதம் கடையில் வேலை அதிகம், அடுத்த மாதம் முழங்கால் வலி. எனக்காகத்தான் தள்ளிப்போடுகிறார் என்று நினைத்து உருகிப்போனேன். அந்த உருக்கமும் நீடிக்கவில்லை. விட்ட காய்ச்சல் விட்டு விட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கியது. நேர்த்தியைச் செலுத்தாமல் இருப்பதால்தான் அது வருகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. இனி ஒருதரம் பலமாக வந்தால் ஆள் தங்கமாட்டார் என்ற பயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். அடுத்த வருஷம் மாசியில் புறப்பட்டோம்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் பக்கத்து வீட்டு வண்டிக்காரர். வருஷம் தவறாமல் மலைக்குப் போகிறவர். கண்டி ரயில் ஸ்டேசனில் கோச்சிக்குக் காத்திருக்கும்போதே சட்டங்களைச் சொல்லிவிட்டார். மலையில் ஏறும்போது இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக்கூடாது. முடியவில்லை என்றோ பயமாக இருக்கிறது என்றோ சொல்லக்கூடாது. ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. மலையில் இருக்கிற ஏதோ ஒன்று அந்தப் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளுமாம். பிறகு ஒருநாள், ஆள் எங்கே இருந்தாலும், அது கூப்பிடுமாம். அந்த ஆள் போகவேண்டியதுதானாம். கடைசிச் சட்டம் ஆம்பிளைகளுக்கு மட்டும்தான் வேண்டும், பெண்டாட்டிகளுக்கு அது பழகிப்போனதுதான் என்று நான் சொன்னேன். வண்டிக்காரர் சிரிக்கவில்லை.

ஹட்டனில் இறங்கி, பஸ் ஏறி மஸ்கெலியாவுக்குப் போய், தெரிந்தவர்களின் தோட்டத்து லயத்து அறையில் படுத்தோம். எல்லோரும் இருட்டில் ஏறி உச்சியில் சூரியோதயம் பார்ப்பதுதான் வழக்கம். காய்ச்சலில் விழுந்து எழுந்தவருக்குப் பனி ஆகாது என்று நாங்கள் பகலில் ஏறினோம். அடிவாரத்து ஆற்றில் குளித்து, முதல்தரம் வந்தவர்கள் என்பதால் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டோம். தண்ணீரின் குளிரில் அவருக்குப் பல் கிட்டியது. அது குளிர்தானா, காய்ச்சலா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியில் ஓரிடத்தில் புதியவர்கள் ஊசியில் நூல் கோத்து, ஊசியை அங்கே குத்திவிட்டு, நூலை அவிழ்த்துக்கொண்டே ஏறவேண்டும். நூல் எவ்வளவு நீளம் போகிறதோ அவ்வளவு ஆயுசு என்பார்கள். அவருடைய நூல் நீளமாகப் போனது. என்னுடையது கொஞ்சத் தூரத்திலேயே அறுந்தது. எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. அறுந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டு, அது காற்றின் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

இறங்கி வந்த சிங்களவர்கள் "கருணாவய்" என்று எங்களை வாழ்த்திவிட்டுப் போனார்கள். நாங்கள் அரோகரா என்றோம். மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. மூடுபனி இறங்கி, கீழே இருந்த பள்ளத்தை மறைத்துவிட்டது. முதலில் அது நல்லதுக்கு என்று நினைத்தேன். பிறகுதான், பார்த்துத் தெரிந்துகொள்கிற பள்ளத்தைவிடப் பார்க்க முடியாத பள்ளம் பெரியது என்று புரிந்தது. அரோகரா என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

கடைசி ஏற்றம் வெறும் பாறை. அதில் வெட்டியிருந்த படியில் பாதிப் பாதம்தான் நிற்கும். பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலி தொங்கியது. எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து வழவழப்பாகி, பனியில் நனைந்திருந்தது. வண்டிக்காரர் முன்னால் போனார், அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர், பிறகு என் வீட்டுக்காரர், அவருக்குக் கீழே நான். எனக்கும் கீழே வேறு ஊர்க்காரர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நான் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. அவருடைய குதிகால்களை மட்டும் பார்த்தேன். அவை நகர்ந்தால் நானும் நகர்வேன் என்று ஏற்பாடு.

குதிகால்கள் நின்றுவிட்டன.

மூச்சு வாங்குகிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். பிறகு அவருடைய கெண்டைக்கால் நடுங்குவதைக் கண்டேன். கட்டிலில் கிடந்தபோது நடுங்கியதே, அதே நடுக்கம். காய்ச்சல் மலையில் வைத்தே வந்துவிட்டது என்று என் உயிர் போயிற்று. தலையைத் தூக்கிப் பார்த்தேன். சங்கிலியை இரண்டு கையாலும் மார்போடு கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். இது காய்ச்சல் இல்லை. இந்த நிலை எனக்கு நன்றாகத் தெரியும், பாலத்து நடுவில் நானே இப்படி நின்றிருக்கிறேன். கட்டுகஸ்தோட்டையில் அவர் என்னோடு நடுவழியிலேயே நடந்தது எனக்குத் துணையாக என்றுதானே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்? முழங்கால் வலியும் கடை வேலையும் எதற்காக வந்தன என்பது அப்போது விளங்கியது.

அவரை இறக்கவும் வழியில்லை, தாண்டவும் வழியில்லை. ஏறாமல் திரும்பினால் நேர்த்தி கெட்டுவிடும், காய்ச்சல் அவரைக் கொண்டுபோகும். இப்படியே நின்றால் கை சோர்ந்து விழுந்துவிடுவார். எனக்குக் கீழே நின்ற பெண், "அம்மா, ஏறச் சொல்லுங்க, எனக்குக் கை வலிக்குது" என்றாள். நான் "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டேன். உலகத்தில் எந்தப் புருஷன் அதற்குத் திரும்பமாட்டான்? மேலே நின்ற வேறொருவர் திரும்பிப் பார்த்தார். இவர் பார்க்கவில்லை. காற்று பலமாக அடித்தது. அவருடைய இடது கால் படியின் ஈரத்தில் வழுக்கி, விளிம்புக்கு வந்தது.

நான் அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

கலியாணம் கட்டி அத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட என் வாயில் வராத பேர், முழுசாக வந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். நான் கத்தி முடித்ததும், பனிக்குள் எங்கேயோ இருந்த பாறை அதே பேரைத் திருப்பிச் சொன்னது. மேலே வண்டிக்காரர் நெற்றியில் கைவைத்துக்கொண்டது தெரிந்தது. இவர் மட்டும் கண்ணைத் திறந்து, வேறு யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைக் குனிந்து பார்த்தார்.

"வலது கால தூக்குங்க" என்றேன். தூக்கினார்.

"இப்ப இடது."

அப்படியே உச்சிவரை போனோம். அவர் விழுந்து கும்பிட்டார், ஏறிய தடவைக்கு ஒன்று என்ற கணக்கில் மணியை ஒருதரம் அடித்தார். நான் பாதத்தின் முன்னால் குனிந்தேன். பேர் சொன்னது நான், கேட்கவேண்டியதை என்னிடம் கேள், அவரிடம் கேட்காதே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இறங்கும் வழியில் அவர் என் கையை விடவேயில்லை. கோச்சியில் உட்கார்ந்த பிறகுதான் வண்டிக்காரர் வாய் திறந்தார். "நடந்தது நடந்துபோச்சு தங்கச்சி. இந்த வருசம் மட்டும் அவர ஆத்துப் பக்கம் தனியா விடாதீங்க" என்றார். ஆறுதல் சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு.

அதற்குப் பிறகு நான் பட்ட பயத்துக்கு மலையில் பட்டது கால்தூசு பெறாது. பஸ் ஏறிப் போனவர் திரும்பி வருகிறவரை வாசலிலேயே நின்றேன். வெளியிலிருந்து யாராவது அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் முந்திக்கொண்டு போய் யாரென்று பார்த்தேன். பால்காரனைக்கூட ஒருநாள் பயமுறுத்திவிட்டேன். அவருக்கோ எல்லாம் வேடிக்கை. மலைக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டார்.

சித்திரை முடிவதற்குள் காய்ச்சல் வந்தது. நேர்த்தி முடித்தபின் வராது என்று நம்பியிருந்த காய்ச்சல், முன்னைவிடப் பலமாக வந்தது. மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில், கண்ணை மூடியபடியே "இந்தா வர்றேன்" என்றார். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "வர்றேன், வர்றேன்" என்றார். அவருடைய பாதங்கள் சில்லிட்டிருந்தன. நான் இரண்டு கையாலும் அவற்றைப் பிடித்துக்கொண்டேன். வண்டிக்காரரின் மனைவி விபூதி எடுக்கப் போனாள்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. பயத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது போல. அந்தப் பேர் மலைக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லித்தானே தெரியும்? ஒரேயொருதரம் கேட்ட மலைக்கே அவரைக் கூப்பிட வாய் இருக்கிறது என்றால், கூடப் படுத்து எழுந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்த எனக்கு இல்லையா? அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் காதுப்பக்கம் குனிந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருத்தி என் தோளைப் பிடித்து இழுத்தாள். கையைத் தட்டிவிட்டு மறுபடி கூப்பிட்டேன். அவர் ஆயுசு என் வாயால் குறைகிறது என்றால் மிச்சத்தையாவது நான் வாங்கிக்கொள்கிறேன் என்று, தெருவுக்குக் கேட்கும்படி கூப்பிட்டேன்.

அவர் இமை பிரிந்தது. யாரையோ தேடி, கடைசியில் என்னிடம் வந்து நின்றது பார்வை.

"என்னா புள்ள, மறுபடியும் சங்கிலியா?" என்றார். குரல் எழும்பவில்லை. "எந்தக் கால தூக்கணும்?"

மறுபடி அவருடைய பாதங்களைப் பிடித்துக்கொண்டு, "வலது கால்" என்றேன்.

என் கைக்குள், அவருடைய வலது பாதம் மெல்ல அசைந்து மேலே வந்தது.