சிவப்பு நூல் போட்ட யானைப் புத்தகம்

எங்கள் நூலக அலமாரியில் ஒரு யானைக் கதைப் புத்தகம் இருக்கிறது. நடுப்பக்கம் கிழிந்து, தையல் மெஷினில் சிவப்பு நூல் ஓட்டிய புத்தகம். யானையின் தும்பிக்கை மேலேயே தையல் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மழுப்பாமல் சொல்கிறேன், பொறாமைதான். மூன்று வருடமாகியும் ஆறவில்லை.

வில்லாபுரத்தில் ஒரு சந்துக்குள் ஞாயிற்றுக்கிழமை நூலகம் தொடங்கியபோது நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள்தான் வருவார்கள். பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகத்தைத் தொட்டிராதவர்கள். இன்ஸ்டாகிராமில் கெஞ்சிப் புத்தகம் சேர்த்தவள் நான். பிளாஸ்டிக் அட்டை, ரெஜிஸ்டர், ரப்பர் ஸ்டாம்ப், அலமாரிப் பூட்டு, எல்லாம் என் ஏற்பாடு. இடம் மட்டும் தையல் அக்காவுடையது. ரவிக்கை தைக்கிற அவருடைய கடையின் முன்னறை. அக்கா எட்டாவதோடு நின்றவர்.

நான் சிங்கமாக உறுமி, நரியாகக் குழைந்து வாசிப்பேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அக்கா வேலைக்கு நடுவே ஒரு புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டுவார். பாதி வரியில் நின்றுவிடுவார். "ஏத்தா, இது என்னன்னு பாரு, எனக்குப் பிடிபடல." அவ்வளவுதான், பத்துத் தலைகள் அந்தப் பக்கத்தின் மேல் கவிழும். "அக்கா, தப்பு தப்பு! இங்கிட்டுப் பாருங்க!" அக்காவைத் திருத்துகிற ஆசையிலேயே அவர்களுக்கு வாசிக்க வந்தது.

நடிக்கிறார் என்று நினைத்து ஒருநாள் கேட்டேவிட்டேன். "நடிப்பா? நீ வேற! வாசிப்பெல்லாம் எப்பவோ மறந்துபோச்சு. இதுக வந்த பெறகுதான் இம்புட்டாவது வருது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆங்கில இலக்கியம் படிக்கிற என்னைவிட, தெரியாது என்பவரிடம் கூட்டம். அவர் அக்கா. நான் மிஸ்.

நான் வாசிக்கும்போது வாய் பிளந்து கேட்டவள் ஒருத்திதான், நான்காம் வகுப்புக்காரி. அவள் என் கட்சி என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிறு அவளும் அக்கா பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்துத்தான், வீட்டுக்குக் கொண்டுபோன யானைப் புத்தகத்தைத் தம்பி கிழித்துவிட்டான் என்று நீட்டினாள். கிழித்தால் ஒரு மாதம் புத்தகம் கிடையாது என்பது என் விதி. மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் கேட்கச் சொன்னேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் வரவில்லை. சும்மாதானே இருக்கிறாள் என்று அவள் அம்மா, வேலை பார்க்கிற வீட்டுக்குப் பாத்திரம் விளக்கக் கூட்டிப்போவதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. கிழிந்த புத்தகத்தை வாங்கி மெஷினில் வைத்தார். யாருடைய ரவிக்கைக்கோ கோத்த சிவப்பு நூல், மாற்றக்கூட இல்லை.

"வா, அவுங்க அம்மாட்டப் பேசிட்டு வந்துருவோம்."

"ரூல்னா ரூல்தான்க்கா."

"பூட்டி வைக்கிறதுக்கு நீ பீரோக் கடை போட்டிருக்கலாம்ல? சரி, இரு. நான் போறேன்."

முகூர்த்த மாதத்தில் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் அவளோடு திரும்பி வந்தார். புத்தகத்தை அவள் நெஞ்சோடு அணைத்திருந்தாள். மற்றவர்கள் எனக்கு உனக்கு என்று அதற்கு அடித்துக்கொண்டார்கள். ஒருவன் கிழியாத புத்தகத்தை நீட்டி, "இதையும் தச்சுக் குடுங்கக்கா" என்றான். பிள்ளைகளுக்கு அக்காவைப் பிடித்ததில்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் இல்லை. போகவேண்டியவள் நான், போனவர் அவர். அதுதான் இன்னும் எரிகிறது.

அக்கா இப்போது குடும்பத்தோடு திருப்பூரில் இருக்கிறார், முன்னறையை நூலகத்துக்கே விட்டுவிட்டு. பூட்டை நான் எப்போதோ கழற்றிவிட்டேன். போன வாரம் கிழிந்த புத்தகம் ஒன்றை நானே ஊசி நூலால் தைத்தேன். கோணல்மாணல். அந்தப் பெண், இப்போது ஏழாம் வகுப்பு, புரட்டிப் பார்த்தாள். "அக்கா தச்சா இப்படியா இருக்கும் மிஸ்?"

"தெரியும்டி. வை."

வைத்துவிட்டு, யானைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தாள். அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் விரல் வைத்து வாசித்து, பாதி வரியில் நின்றாள். "ஏய், இது என்னன்னு பாருங்க, எனக்குப் பிடிபடல."

தலைகள் கவிழ்ந்தன. இதையும் அவள் என்னிடம் கற்கவில்லை. நானும் போய்க் குனிந்தேன். தும்பிக்கை மேல் சிவப்புத் தையல், ஒரு கண்ணி விடாமல் நேராகப் போயிருந்தது.